ஈசான மூலையில் ஒரு கையாள்

"என்ன சேர், மேசன் வேலைக்குப் போறீங்களாம்?" என்று சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டபோதுதான் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது என்று தெரிந்தது. மட்டக்களப்பில் மேசன் என்றால் சுவர் கட்டுகிறவர். வேறு பொருள் கிடையாது. நானோ அரச திணைக்களமொன்றில் இருபத்தைந்து வருடமாக டீ.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர். மேசன்மார் கட்டியதை அளந்து, பிழை பிடித்து, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். நான் சேர்ந்தது பிரீமேசன்கள் என்ற சகோதர சங்கத்தில், அதன் கிளையை லொட்ஜ் என்பார்கள். "கொழும்பில் ஒரு லொட்ஜில் சேர்ந்திருக்கிறேன்" என்று விளக்கப் போனால் அது இன்னும் மோசம். "ரூம் போட்டீங்களா?" என்பார்கள். சரி, போகட்டும் என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

என் அப்பா உண்மையான மேசன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு ஆறு வயது. விடிந்து பார்த்தால் எங்கள் ஒழுங்கையில் கூரையோடு நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். அடுத்த நாலைந்து வருடம் அப்பா வீட்டில் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. ஊர் முழுக்கச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறையில் கையாளாகப் போவேன். மூலைமட்டத்தை நான் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒன்றும் பேசமாட்டார், கட்டிய மூன்று வரிசையையும் பிரித்துவிடுவார். "மூலையில விடுற பிழை கூரையிலதான் தெரியும் மனே" என்பார். அவர் போய்ப் பதினைந்து வருடமாகிறது. அதற்குப் பிறகு என் வேலையை யாரும் பிரித்துப் போடவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் சேர்.

பிரீமேசன்கள் பற்றி எனக்குத் தெரியவந்தது சுனாமிக்குப் பிறகு. நாவலடி, கல்லடிப் பக்கம் வீடு கட்டும் வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். மூன்று வருடம் ஒன்றாக வேலை செய்தோம், பிறகும் தொடர்பு விடவில்லை. அவருடைய மோதிரத்தில் மூலைமட்டமும் கவராயமும் இருந்ததைத் தொழில் அடையாளம் என்றே நினைத்திருந்தேன். பத்து வருடம் கழித்து ஒருநாள் கேட்டேன். சொன்னார். "இவ்வளவு நாளும் என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்றதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். அவர்கள் பழைய வழக்கம் அப்படித்தான். ஆள் பிடிக்கமாட்டார்கள், வருகிறவன் தானாகக் கேட்க வேண்டும். கேட்டபின் அவனை நேரில் அறிந்த இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும்.

கேட்பதற்கு எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. வீட்டில் சொன்னபோது மனைவி கேட்ட முதல் கேள்வி, "பேய் கும்பிடுற இடமாமே?" அவள் பயப்பட்டாள் என்று சொல்லமாட்டேன், ஆனால் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். அம்மா சிரித்துவிட்டு, "அப்பன்ட தொழிலத்தான் கடைசில பிடிச்சிருக்கான்" என்றார். புளியந்தீவில் இருக்கும் என் பள்ளிக்கூடக் கூட்டாளிக்கும் சேர ஆசைதான். அவன் கத்தோலிக்கன். 1738இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமென்ட் போட்ட தடையை 1983இல் வத்திக்கான் மறுபடி உறுதிப்படுத்தியிருக்கிறது. அவன் பங்குத்தந்தையிடம் கேட்டான், பதிலைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டான். அதை நான் மதிக்கிறேன். சேர நினைக்கிறவர்கள் தங்கள் சமயம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் விசாரிப்பது நல்லது.

நேர்முகம் காலிமுகத்திடலுக்குக் கிட்ட உள்ள விக்டோரியா மேசானிக் கோயிலில். இலங்கையில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து என்று மூன்று நாட்டுத் தலைமைச் சங்கங்களின் யாப்புகளின் கீழும் லொட்ஜுகள் உண்டு. நான் போனது இங்கிலாந்து வகை. நாலு பேர் இருந்தார்கள். இறைவனை நம்புகிறீர்களா என்று கேட்டார்கள். எந்த இறைவன் என்று கேட்கவில்லை. குடும்பத்துக்குச் சம்மதமா, சந்தா கட்டினால் வீட்டுச் செலவு இடிக்குமா, குற்ற வழக்கு ஏதும் உண்டா என்றார்கள். கடைசியில், ஏன் வருகிறீர்கள்? நான் "நல்ல மனிதர்களோடு பழகவும் சமூகத்துக்குச் சேவை செய்யவும்" என்று பாடமாக்கி வந்ததைச் சொன்னேன். எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் போலும், அவர்கள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு என்னையறியாமலே, "பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், பின்னேரங்கள் நீளமாக இருக்கின்றன, என்னைத் திருத்த ஆளில்லாமல் போய்விட்டது" என்றேன். வயதில் மூத்தவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் வாக்கெடுப்பு. வெள்ளை, கறுப்பு உருண்டைகளைப் பெட்டிக்குள் இடுவார்கள். மூன்று கறுப்பு விழுந்தால் கதை முடிந்தது. ஒரு லொட்ஜ் தன் விதியில் அதையும் குறைத்து, ஒன்றே போதும் என்று வைத்துக்கொள்ளலாம். யார் போட்டது என்று கேட்க முடியாது. கடிதம் வரும்வரை, ஊரில் யாரோடு எப்போது சண்டை பிடித்தேன் என்று யோசித்துக்கொண்டே திரிந்தேன். அவர்களில் ஒருவருக்கும் என் ஊரில் யாரையும் தெரியாது என்பது வேறு விஷயம்.

சேர்க்கும் சடங்கைப் பற்றி அளவோடுதான் சொல்வேன். கண்ணைக் கட்டுவார்கள், உடம்பில் காசோ உலோகமோ இருக்கக்கூடாது. இவை எத்தனையோ புத்தகங்களில் அச்சாகிவிட்டன. காவல் காக்க வேண்டியவை கைச்சைகைகளும் சில சொற்களும்தான். மற்றதை மறைப்பது பிறகு வருகிறவனின் அனுபவத்தைக் கெடுக்காமல் இருக்க. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கட்டவிழ்த்து, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் நடத்திக் கொண்டுபோய் என்னை ஒரு மூலையில் நிறுத்தினார்கள். வடகிழக்கு மூலை. பெரிய கட்டடங்களுக்கு முதற்கல் வைப்பது அந்த மூலையில் என்பதால் புதியவனையும் அங்கே நிறுத்துகிறோம், இனி மேலே கட்டுவது உன் பாடு என்றார்கள்.

ஈசான மூலை! அப்பாவோடு எத்தனை வளவில், விடியற்காலையில், சாத்திரியார் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு அந்த மூலையில் நின்றிருப்பேன்! தேங்காய் உடைத்து, கல்லுக்குச் சந்தனம் தடவி, வீட்டுக்காரர் கையால் வைப்பிப்பார். லண்டன் தவறணை ஒன்றில் 1717இல் நாலு லொட்ஜுகள் கூடித் தலைமைச் சங்கம் அமைத்ததாகச் சொல்லப்படும் ஒரு இயக்கத்தின் வழக்கமும், அப்பா தன் அப்பாவிடம் கற்றதும் ஒரே மூலையில் வந்து நின்றால் என்ன செய்வது? கண் கலங்கிவிட்டது. இத்தனை நேரம் கண்ணைக் கட்டியிருந்ததால் என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளை ஆட்டுக்குட்டித் தோலில் ஒரு ஏப்ரன் கட்டிவிட்டார்கள். ஒரு பூவேலைகூட இல்லாத வெறும் ஏப்ரன். உறுப்பினருக்கு மூன்று படிகள் உண்டு, படி ஏற ஏறத்தான் நீலம் சேரும்.

இதோடு எல்லாம் நிறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அடுத்த ஏழெட்டு மாதம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மாதம் ஒருமுறை லீவு போட்டு, இரவு ரயிலில் வெலிகந்தை, பொலன்னறுவை, மாகோ என்று குலுங்கிப் போய், பகலெல்லாம் கொழும்பில் அலைந்து, பின்னேரம் கறுப்புச் சூட்டும் ரையும் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால், போன கூட்ட அறிக்கை வாசிப்பார்கள். கணக்கு வாசிப்பார்கள். வராதவர்களின் மன்னிப்பு வாசிப்பார்கள். எங்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் கூட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கேயாவது ஒரு சண்டை நடக்கும், பொழுது போகும். இங்கே சமயமும் அரசியலும் பேசக்கூடாது. யாரும் ஒரு இரகசியத்தையும் என் காதில் ஓதவில்லை. இடையில் இரண்டாம் படி, மூன்றாம் படி நடந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது நாலு வாரமாவது விடவேண்டும் என்பது விதி. எனக்குக் கூடுதலாகவே ஆனது. மூன்றாவது உலுக்கிவிட்டது, அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அடுத்த மாதம் மறுபடி அறிக்கை, கணக்கு. விலகிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

விடாமல் பிடித்து வைத்தவர் கல்முனைக்காரர் ஒருவர். அதே லொட்ஜ்தான், எனக்கு ஆறு வருடம் மூத்த உறுப்பினர். அவர் கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து மட்டக்களப்பில் என்னோடு ரயில் ஏறுவார். உள்ளே அவர் எனக்குப் பிரதர், ரயிலில் காக்கா, முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். லொட்ஜ் மேசையில் குர்ஆனும் கீதையும் விவிலியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவரவர் தன் நூலில் கைவைத்து உறுதி எடுப்பார்கள். அந்த விதி ஏன் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறில் எங்கள் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவற்றை இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். ஒன்பது மணித்தியால ரயிலில் எட்டு வருடம் பேசினாலும் தீராத கதை அது. நாங்கள் அதைத் தொடவில்லை. நெல் விலை, முழங்கால் வலி, அவர் மகளின் கலியாணம், இவைதான் பேச்சு. மகளின் கலியாணத்துக்கு நானும் மனைவியும் போய், பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனில் சாப்பிட்டு வந்தோம்.

என் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு அவர்தான் சொன்னார்: "சும்மா குந்திப் பாத்துக்கிட்டிருந்தா எதுவும் வராது. ஒரு துண்டப் பாடமாக்கித் தாங்கண்டு கேளுங்க."

கேட்டேன். தந்தது முதற்படி ஆயுதங்களின் விளக்கம். புதிதாக வருகிறவனுக்கு ஒருவர் முன்னால் நின்று சொல்வது. புத்தகத்தில் ஒரு பக்கம்கூட வராது. இருபத்துநாலு அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. அளவுகோல் நாளின் இருபத்துநாலு மணித்தியாலம். அதில் வழிபாட்டுக்கு ஒரு பங்கு, உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஒரு பங்கு, இடரில் இருக்கும் சகோதரனுக்கு உதவ ஒரு பங்கு. சுத்தியல் மனச்சாட்சி, உளி கல்வி. எல்லாம் பழைய ஆங்கிலம். புத்தகத்தில் சில சொற்களுக்கு முதலெழுத்து மட்டும்தான் அச்சடித்திருப்பார்கள், மிச்சத்தை ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு விடியற்காலையில் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்து நடந்து சொன்னேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம், இப்போது பக்கத்தில் புதுப்பாலம் இருப்பதால் அதில் நெரிசல் இல்லை. தூண்டில் போடுகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

மூன்றாம் வாரம்தான் பிடிபட்டது, இதை நான் முன்பே செய்திருக்கிறேன் என்று. பதினெட்டு வயதில் எங்கள் ஊர் வடமோடிக் கூத்தில் ஆடினேன். சட்டம் கொடுக்கும் நாளில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளாளுக்குப் பாட்டைப் பிரித்துத் தருவார். எனக்குக் கிடைத்தது தூதுவன், பதினாறே வரி. அந்தப் பதினாறு வரிக்காக மாதக்கணக்கில் இரவு இரவாகக் கூத்து ஆடும் களரிக்குப் போனேன். களரியில் வயது, குடி, உத்தியோகம் ஒன்றும் கணக்கில்லை, தாளம் பிசகினால் அண்ணாவியார் ஏச்சுதான். அந்த ஏச்சுக்குத்தான் நான் ஏங்கியிருக்கிறேன் என்று பாலத்தில் நின்றபோது தோன்றியது.

அடுத்த கூட்டத்துப் பின்னேரம் ஒரு இளைஞன் புதிதாகச் சேர்ந்தான். நான் எழுந்துபோய் அவன் முன்னால் நின்றேன். அளவுகோல் ஒழுங்காகப் போனது. சுத்தியலில் இடறினேன். மண்டபம் முழுக்க மௌனம், என் காதுக்குள் இரத்தம் ஓடும் சத்தம். கூத்தில் ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்கிறவர் இருப்பதைப் போல இங்கேயும் ஒருவர் உண்டு; என்னை நேர்முகத்தில் நிமிர்ந்து பார்த்த அதே மூத்தவர். ஒரே ஒரு சொல்லை மெதுவாகத் தந்தார். பிடித்துக்கொண்டேன். முடிந்தபின் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த வரியை வேகமாகச் சொன்னேன், எங்கே அந்தப் பையனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பாராட்டவில்லை. மூன்று வரிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிரவு ரயிலில் நான் தூங்கவில்லை, சந்தோசத்தில்.

செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சேர்க்கைக் கட்டணம், வருடச் சந்தா, ஒவ்வொரு மாதமும் சாப்பாட்டுக்கும் தருமத்துக்கும் கொஞ்சம். மட்டக்களப்பிலிருந்து போகிறவனுக்கு இவற்றை விடப் பயணமும் லீவும்தான் பெரிது. தொழிலுக்கோ பதவி உயர்வுக்கோ உதவும் என்று நினைத்து வருகிறவர்கள் ஒரு வருடத்தில் நின்றுவிடுகிறார்கள், இரண்டு பேரைக் கண்ணால் பார்த்தேன். பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதை என் மகள் இன்னும் மன்னிக்கவில்லை, அதற்கு என்னிடம் நல்ல பதிலும் இல்லை.

இப்போது எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார்கள். இரண்டாம் படிக்குப் போகுமுன் புதியவன் சில கேள்விகளுக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்த இளைஞனை என்னிடம் ஒப்படைத்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறான், கணினி வேலை, தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் பேசுவான். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். நான் முற்றத்தில் நடந்துகொண்டு கேள்வி கேட்பேன். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். பையன் கோபப்படுவதில்லை, பெருமூச்சு மட்டும் கேட்கும். திண்ணையில் இருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நேற்று மட்டும், "பாவம் மனே, அந்தப் பொடியன விடன், மறுகா நாளைக்குச் சொல்லட்டும்" என்றார்.

விடவில்லை. ஆறாம் கேள்வியில் நிற்கிறோம்.