ஒரே கணினியில் மூன்று கம்பைலர்கள்

ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபத்தில், விசைப்படகுகளின் இருப்பிடத்தைப் பதியும் சிறு கருவிகளைச் செய்து தரும் பட்டறை ஒன்றில் நான் நிரல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எங்களிடம் உருப்படியான கணினி ஒன்றுதான் இருந்தது; இன்னொன்றின் மதர்போர்டு உப்புக்காற்றில் பச்சை பூத்துப் போயிற்று. எஞ்சிய ஒன்றிலேயே, எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர்கள் மூன்று குடியிருந்தன: கணினிக்கே உரிய ஜிசிசி, படகுக் கருவியிலுள்ள கார்டெக்ஸ்-எம் சிப்புக்கு இயங்குதளம் இல்லாத நிலையில் ஓடும் நிரலை ஆக்கித் தரும் ஆர்ம் ஜிசிசி, கரையில் பதிவுகளைப் படித்து வரைபடத்தில் காட்டும் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினிக்காக, லினக்ஸுக்கான ஆர்ம் ஜிசிசி.

இவற்றை ஒன்றோடொன்று மோதாமல் வைப்பது பெரிய வித்தையன்று. தான் ஓடும் கணினிக்கன்றி வேறொரு சிப்புக்கு நிரல் ஆக்கும் கிராஸ் கம்பைலர்களின் பெயரிலேயே இலக்கைச் சொல்லும் முன்னொட்டு உண்டு. ஒவ்வொன்றையும் பதிப்பு எண்ணோடு தனி ஃபோல்டரில் வைத்து, எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று ‘மேக்’ நிரலுக்குச் சொல்லும் மேக்ஃபைலில் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் போதும். 2020இல் வந்த ஜிசிசி 10, பல நிரல் கோப்புகள் பகிரும் அறிவிப்புக் கோப்பான ஹெட்டரில், ‘எக்ஸ்டர்ன்’ (வேறிடத்தில் உள்ளது என்ற குறி) போடாமல் மாறிகளை அறிவித்திருந்த எங்கள் பழைய நிரல்களை ஒன்றாக இணைக்க, அதாவது லிங்க் செய்ய, மறுத்தபோது, 9ஐயும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். ஆனால் ‘மேக்’ நிரல், கோப்புகள் மாறிய நேரத்தைத்தான் பார்க்கும், கம்பைலர் மாறியதை அறியாது. இரு பதிப்புகள் ஆக்கிய, இன்னும் லிங்க் ஆகாத ஆப்ஜெக்ட் கோப்புகள் கலந்து ஒரு நாள் வீணான பிறகு, பில்டு ஃபோல்டரின் பெயரிலும் பதிப்பு எண்ணைச் சேர்த்தேன். தொல்லை அத்தோடு தீர்ந்தது என்றே நம்பினேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகளில் கருவி பொருத்த எங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும். அப்படிப் பொருத்திய ஒரு படகின் மெமரி கார்டைக் கரையில் செருகியபோது, முதல் புள்ளியே வட துருவத்துக்கு அருகில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் விழுந்தது. பக்கத்தில் நின்ற படகு உரிமையாளரான சம்மாட்டி, “தம்பி, டீசல் அடிக்கிறது நான். இம்புட்டுத் தூரம் போயிருந்தா எனக்குத் தெரியாமயா இருக்கும்?” என்றார்.

திரையில் அட்சரேகை 79.12, தீர்க்கரேகை 24.2483. முதல் எண் மண்டபத்தின் தீர்க்கரேகை என்பது சீக்கிரம் பிடிபட்டது, இரண்டாவதற்கு மாலையாகிவிட்டது. பாகையை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாகச் சேமிப்பது எங்கள் வழக்கம். 24,24,83,201 என்ற அந்த எண்ணை இரண்டிரண்டு பைட்டாகப் பிரித்தால், மேல் பாதியில் 3700, கீழ்ப் பாதியில் 1. அடுத்த பதிவின் பேட்டரி மில்லிவோல்ட்டும் நிலைக்குறியும்தான் தீர்க்கரேகையாக வேடம் போட்டிருந்தன.

குற்றம் என்னுடையது. அந்த வாரம்தான், படிக்க அழகாக இருக்கட்டும் என்று, ஒரு பைட்டாக இருந்த நிலைக்குறியை, எண்களுக்குப் பெயர் வைக்கும் ‘ஈனம்’ (enum) வகையாக மாற்றியிருந்தேன். இயங்குதளமில்லாத ஆர்ம் கம்பைலர் ஈனத்தை அதன் மதிப்புகள் அடங்கும் மிகச் சிறிய அளவில் வைக்கிறது. எங்களுக்கு அது ஒரு பைட். லினக்ஸுக்கான ஆர்ம் கம்பைலரோ நான்கு பைட் ஒதுக்குகிறது. ஒழுங்குக்காக இடையே விடும் வெற்று பைட்டுகளையும் சேர்த்து, கருவி 12 பைட்டாக எழுதிய பதிவை ராஸ்ப்பெரி பை 16 பைட்டாகப் படித்தது. ஒரே ஹெட்டர், ஒரே கணினி, இரண்டிலும் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. இரண்டு அளவிலான ஈனங்கள் ஒரே லிங்கில் சந்தித்தால் லிங்கராவது முணுமுணுக்கும். இவை சந்தித்த ஒரே இடம் மெமரி கார்டு. கருவி எழுதியதைக் கருவியிலும் பை எழுதியதைப் பையிலும் சோதித்துப் பார்த்து நிம்மதியடைந்திருந்த என் சோதனை முறையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நிலைக்குறியை மீண்டும் ஒரு பைட் எண்ணாக்கினேன். ஒரு பதிவின் கட்டமைப்பு அளவு 12 பைட்டாக இல்லாவிட்டால் கம்பைல் ஆகாதபடி, சி11 தரும் ஸ்டாட்டிக் அசர்ட் ஒன்றையும் அதே ஹெட்டரில் எழுதி, மூன்று கம்பைலர்களிலும் ஓட்டிப் பார்த்தேன்.

மறுநாள் புள்ளி மண்டபத்தில் வந்து நின்றது. சம்மாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்து, “போட்டு ஜெட்டிக்கு அந்தப் பக்கம்ல கெடக்கு, இது இந்தப் பக்கம் காட்டுது” என்றார். அது ஜிபிஎஸ்ஸின் சில மீட்டர் பிழை. அதற்குக் கம்பைலர்கள் பொறுப்பல்ல என்று அவருக்கு விளக்க எனக்கு ஒரு டீ செலவானது.