வைப்பர் உடைந்த பிறகு கண்ணில் பட்ட கோடுகள்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கோலாலம்பூர்ச் செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து எண்ணெய் நிலையத்தில் உள்ள தானியங்கிக் கார் கழுவும் கூடத்தில், எங்கள் கறுப்பு மைவி காரின் பின்கண்ணாடி வைப்பர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நான் காருக்குள்தான் இருந்தேன். நுரை எல்லாக் கண்ணாடிகளையும் மூடியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது, அதன் பிறகு எதுவோ பின்கதவுத் தகரத்தில் நான்கைந்து முறை அடித்தது. இறங்கிப் பார்த்தபோது வைப்பர் தண்டு தூரிகையின் இழைகளில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கிருந்த பையன் பதில் பேசாமல் சுவரிலிருந்த மலாய் அறிவிப்பைக் காட்டினான். சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருந்தது. இப்படிப் பலகை மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணித் திரும்பிவிடுகிறோம். ஆனால், பணம் வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு முறையிடலாம். பின் வைப்பரின்மேல் உறையோ ஒட்டுநாடாவோ போட்டுவிட்டுக் காரை உள்ளே அனுப்புவதுதான் பல இடங்களில் வழக்கம். அன்று கூட்டம் அதிகமாக இருந்ததால் அதை யாரும் செய்யவில்லை.

முறையிடத்தான் நினைத்திருந்தேன். புது வைப்பர் பொருத்திய பட்டறைக்காரர், "அண்ணே, வைப்பர விடுங்க, பெயிண்ட பாத்தீங்களா?" என்று கேட்டு, கைவிளக்கை எஞ்சின் மூடியின்மேல் சாய்த்துப் பிடித்தார். ஒளி விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல நூற்றுக்கணக்கான வட்டக் கோடுகள் தெரிந்தன. நிழலில் நிறுத்தியே பழகிய எனக்கு அவை ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

அந்தக் கோடுகளைப் போட்டது தூரிகை என்பதைவிட, தூரிகையில் ஒட்டியிருந்த மணல் என்பதே சரி. எனக்கு முன்னால், கட்டுமானத் தளத்திலிருந்து சேறும் சிமெண்டுத் தூளுமாக வந்த ஒரு ஹைலக்ஸ் பிக்கப் வண்டியைத் தேய்த்த அதே இழைகள்தாம் அடுத்து என் காரையும் தேய்க்கின்றன. பெயிண்டின் மேலே பளபளப்புக்காகப் பூசப்படும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. மணலில் உள்ள குவார்ட்ஸோ அதைவிடப் பலமடங்கு கடினமானது. பாலிஷ் போட்டால் கோடுகள் மறையும். ஆனால் கோட்டின் ஆழம் வரை மேற்பூச்சைச் சில மைக்ரான் தேய்த்து எடுப்பதால்தான் அவை மறைகின்றன. நம் ஊர் வெயிலில் அந்தப் பூச்சு மெலிந்துபோனால் அடியிலுள்ள நிறம் வெளுக்கும், பூச்சும் தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கும்.

தூரிகை இல்லாமல், நீரழுத்தத்தாலும் இரசாயனத்தாலும் மட்டும் கழுவும் இயந்திரங்களில் கோடு விழும் அச்சம் குறைவு. ஆனால் அழுக்கைக் கரைக்க அங்கே பயன்படுத்தும் வீரியமான கரைசல், பெயிண்டின்மேல் பூசிய மெழுகையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறது. கையால் கழுவினால் எல்லாம் நலம் என்றும் சொல்வதற்கில்லை. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு அதனாலேயே கதவைத் துடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். என் மைத்துனரின் புதுக் காருக்கு நேர்ந்ததோ வேறு வகை: காரை இழுத்துச் செல்லும் தண்டவாளத்தில் ஏற்றி, நியூட்ரலில் விட வேண்டியவர் எஞ்சினை நிறுத்திவிட்டார், கார் தானாகவே பார்க்கிங் கியருக்கு மாறிச் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டது. மழையை உணர்ந்து தானாக இயங்கும் வைப்பரை அணைக்கவும் அவர் மறந்திருந்தார்.

வைப்பருக்கு ஆன 70 ரிங்கிட்டை நிலைய மேலாளர் ஒரு வாரம் கழித்துக் கொடுத்துவிட்டார். கோடுகளுக்கு யாரிடம் கேட்பது? எந்த நாளில், எந்தச் சுழற்சியில் எது விழுந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. பத்து முறை கழுவினால் ஒரு முறை இலவசம் என்று முத்திரை குத்தித் தரும் அட்டைகள் மட்டும் காரின் டேஷ்போர்டு அறையில் கிடந்தன. எடுத்து எண்ணினேன்: மூன்றாண்டுகளில் நான்கு அட்டைகள் நிரம்பியிருந்தன. கடைசி அட்டையின் இலவசக் கழுவலை நான் இன்னும் வாங்கவில்லை.