'தி மூன்ஸ்டோன்' நாவலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ஆங்கில இலக்கிய முதுகலைத் தேர்வுக்காக வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' நாவலைப் படித்தவன் என்ற முறையில், இப்போது அதைக் கையில் எடுத்திருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதல் வாசிப்பை முடிக்கும்வரை கதைச் சுருக்கங்களையும் திறனாய்வுகளையும் தொடாதீர்கள். 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் தொடராக வந்த கதை இது. அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வாசகரின் தவிப்பில் சிறிதளவாவது நமக்கு வாய்த்தால்தான் அதன் ஈர்ப்பைப் பற்றி உண்மையாக எழுத முடியும்.

இரண்டாம் வாசிப்புக்கு ஒரு குறிப்பேடு தேவை. ஒவ்வொருவரும் தாம் நேரில் அறிந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பலர் மாறி மாறிச் சொல்லும் கதையாதலால், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் கண்டது எது, கேட்டது எது, தாமாக ஊகித்தது எது என்று பிரித்து எழுதிவந்தேன். முதிய பணியாளர் பெட்டரெட்ஜின் குடும்ப விசுவாசமும், திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டே தம்மைப் பக்தியின் வடிவமாகக் காட்டிக்கொள்ளும் மிஸ் கிளாக்கின் பாசாங்கும் அப்போதுதான் எனக்குத் துலங்கின. காணாமற்போன 'மூன்ஸ்டோன்' வைரத்தை எடுத்தவர் யார் என்ற கேள்வியைவிட, யார் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விதான் இந்நாவலை இன்றும் படிக்க வைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

துப்பறியும் முறை பற்றி வினா வந்தால் கதவுச் சாயத்தை விட்டுவிடாதீர்கள். வைரம் அதற்கு உரியவரான இளம்பெண் ரேச்சலின் அறையிலிருந்துதான் காணாமற்போகிறது. அந்த அறைக் கதவில் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பூசி முடித்த சாயம் காயப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கூடிய வேலைக்காரப் பெண்களின் பாவாடை பட்டுத்தான் அது கலைந்தது என்று உள்ளூர்க் காவல் அதிகாரி முடிவுகட்டிவிடுகிறார். அதற்கு எட்டு மணி நேரம் முன்பே சாயம் காய்ந்திருக்கும் என்று லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் சார்ஜென்ட் கஃப் கணக்கிட்டுக் காட்டுகிறார். நள்ளிரவில் சாயம் கலையாமல் இருந்ததைப் பெட்டரெட்ஜின் மகள் பெனலோப்பி பார்த்திருப்பதால், கறைபட்ட உடை அன்றிரவு அங்கே நடமாடியவருடையது என்றாகிறது. இந்த ஒரு காட்சியை விரிவாக எழுதினாலே விடைக்கு வலு கூடும். இக்காட்சிக்குத் தூண்டுகோலான உண்மைச் சம்பவமாக, 1860-இல் ரோட் ஹில் கொலை வழக்கில் காணாமற்போன இரவு உடையையும், அந்த வழக்கை விசாரித்த துப்பறிவாளர் விச்சரையும் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

முன்னுரையையும் பின்னுரையையும் பலர் புரட்டிவிட்டுப் போகிறார்கள். அது பெரும் இழப்பு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேய அதிகாரி ஹெர்ன்காசில் கொலை செய்து கவர்ந்த வைரம் அது. யார்க்ஷயர் மாளிகையில் முதலில் சந்தேகிக்கப்படுபவர்களோ அதை மீட்க வந்த மூன்று இந்தியர்கள். பேரரசு பற்றிய வினாவுக்கு இந்த முரணிலிருந்தே தொடங்கலாம்.

ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் இதுவே முதலாவது என்ற டி. எஸ். எலியட்டின் கூற்றை அப்படியே ஒப்பிக்க வேண்டாம். 'தி நாட்டிங் ஹில் மிஸ்டரி' 1862-லேயே தொடராக வரத் தொடங்கிவிட்டது. கஃபைப் பற்றி எழுதும்போதும், சாயத்தைச் சரியாகக் கணித்த அவரே ரேச்சலைத் தவறாகச் சந்தேகித்தார் என்பதையும், அன்றிரவு நடந்ததை வெளிக்கொண்டுவந்தது மருத்துவ உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸின் அபினிப் பரிசோதனைதான் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.