பதினேழாவது வரி

வேலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அரிசி கொட்டி வைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண்ணும் ஒரு பெயரும். அந்தப் பெயருக்குரியவர் 1971 டிசம்பரில் போரில் இறந்தவர். இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இல்லை. களத்துக்குப் பக்கத்திலேயே சடங்கை முடித்துவிடுவார்கள். கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்ததெல்லாம் 1999 கார்கில் போரில்தான் பரவலானது. அந்த வீட்டுக்கு முதலில் தந்தி வந்தது, பிறகு டிரங்குப் பெட்டி வந்தது, அவ்வளவுதான். அவருடைய தாயார் தினமும் காலையில் அந்த மூடியைத் திறந்து படியால் அரிசி அளப்பார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற வயதில் அந்தப் பெயரைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

பின்னாளில் அதே மாதிரிப் பெட்டிகளை இந்தப் பக்கமிருந்து பூட்டி அனுப்பும் வேலை எனக்கே வாய்த்தது. ராணுவத்தில் எழுத்தர் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள். அதில் நான்கு முறை, இறந்தவரின் சாமான்களைக் கணக்கெடுக்கும் போர்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கென்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தரைப்படை, விமானப்படையினரின் தனிச்சொத்தை என்ன செய்வது என்பதை அது சொல்கிறது. இறந்தவர் அதிகாரி என்றால் ‘கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரு குழு. மற்றவர்கள் என்றால் பொறுப்பு கமாண்டிங் அதிகாரியுடையது. எங்கள் பட்டாலியனில் அவர் ஓர் அதிகாரியையும், சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்கள் இருவரையும் வைத்துப் போர்டு அமைப்பார். முகாமில் இருக்கும் பொருளையெல்லாம் கைப்பற்றிப் பட்டியல் போட வேண்டும், முகாமில் பட்ட கடன்களைத் தீர்க்க வேண்டும், மிச்சம் வாரிசுக்கு. ஏலம் விட்டுப் பணமாக அனுப்பவும் அதில் இடமுண்டு. கடல் கடந்து வந்து செத்தவனின் பூட்ஸைக் கப்பலேற்றுவதைவிட விற்றுக் காசாக்குவது சுலபம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அப்படியே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். என் காலத்தில் யாரும் ஏலம் விட்டு நான் பார்த்ததில்லை.

சட்டம் சொல்லாத ஒன்று உண்டு. அந்தப் பெட்டியை எங்கே வைத்துத் திறப்பார்கள் என்பது. முகாமில் உட்கார்ந்து அடுக்குகிறவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் அதைக் கூடத்தில் வைத்துத்தான் திறப்பார்கள். பங்காளிகள், சம்பந்தி வீட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், தலையாரி, எல்லோரும் சுற்றி நிற்பார்கள். உள்ளே இருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நான் சொல்ல வருவது 2002ஆம் ஆண்டு, காஷ்மீரில் குப்வாரா மாவட்டத்தில் ஒரு முகாம். இறந்தவன் லான்ஸ் நாயக். என் மாவட்டத்துக்காரன், இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி இரண்டு ஆண்டு, ஒரு வயதில் பெண் குழந்தை. உடல் விமானத்தில் சென்னைக்குப் போய்விட்டது. பெட்டி பின்னால் போக வேண்டும். கேப்டன் ஒருவர் தலைவர். வடக்கத்திக்காரர், சின்ன வயது. இன்னொரு உறுப்பினர் அவனுடைய கம்பெனி சுபேதார். மூன்றாவது ஆள் நான்.

பேரக்கில் அவனுடைய கட்டிலில் போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். துப்பாக்கி ஏற்கெனவே கோத் என்கிற ஆயுத அறைக்குப் போயிருந்தது. குளிர்கோட்டு, தூக்கப் பை போன்ற அரசு சாமான்களைக் குவார்ட்டர் மாஸ்டரின் ஆள் தனியாக எண்ணி எடுத்துக்கொண்டார். மிஞ்சியது அவனுடையது. சிவில் டிரெஸ் மூன்று ஜோடி, ஷேவிங் செட், எச்.எம்.டி. கடிகாரம், திருத்தணி முருகன் படம், பாஸ்புக், எல்.ஐ.சி. ரசீது, ரொக்கம் 372 ரூபாய், நூலில் கட்டிய இன்லண்ட் கடிதங்கள், பாதி தேய்ந்த சோப்பு, உறைந்து கிடந்த தேங்காயெண்ணெய். நான் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். சோப்பை எழுதுவதா வேண்டாமா என்று கேப்டன் என்னைப் பார்த்தார். நான் எழுதவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. பிறகு அவை மாதக்கணக்கில் மனத்தில் கிடக்கும்.

பெட்டியின் அடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சால்வைகள் இருந்தன. அடுத்த மாதம் அவனுக்கு லீவு. கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இரண்டிலும் அப்படியே இருந்தது. ஒன்று 1,400. மற்றது 450. அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்பதில் சந்தேகமில்லை. எது யாருக்கு என்பதைத்தான் அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்றால் ஒன்று பழுப்பு, மற்றது சாம்பல். இரண்டும் வயதானவர்களுக்கும் ஆகும், இளையவர்களுக்கும் ஆகும்.

சுபேதார் சீட்டுகளைக் கிழித்து எறியச் சொன்னார். நான் சொன்னேன், “சாஹிப், சீட்டைக் கிழித்தால் போதாது. பட்டியலில் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. பட்டியலின் ஒரு நகல் பெட்டியோடு போகும்.” கூடத்தில் யாராவது படித்த பையன் அதை உரக்கப் படிப்பான் என்பது எனக்குத் தெரியும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் 950 ரூபாய் வித்தியாசத்தை அவன் செத்த பிறகு நாங்கள் போய் வைப்பதா? கேப்டனுக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கியதும் பேனாவை வாங்கி அவரே எழுதினார்: சால்வை, எண்ணிக்கை 2, மொத்த மதிப்பு 1,850. அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு நடந்தது. பிரித்துப் பார்க்க வேண்டாம் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. ஆனால் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பாதிக்கு மேல் மனைவி எழுதியவை. அவற்றைத் தனியாக எடுத்து, தையல்காரரிடம் கொடுத்துத் துணிப்பையாகத் தைத்து மூடி, மேலே அந்தப் பெண்ணின் பெயரை எழுதச் சொன்னேன். தைத்த பையைக் கூடத்தில் வைத்துப் பிரிக்க ஆளுக்குக் கூச்சமிருக்கும். ஐந்தாம் நாள் தபாலில் அவளிடமிருந்து இன்னொரு இன்லண்ட் வந்தது. 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரி போட்டு, செய்தி போவதற்கு முன்பே எழுதியது. திருப்பி அனுப்பினால் தபால்காரர் மேலே காரணம் எழுதித்தான் அனுப்புவார். அதைச் சாதாரணத் தபாலாக வாங்கிக்கொண்டு, பையின் தையலைப் பிரித்து, ஒட்டியது ஒட்டியபடியே உள்ளே வைத்தோம்.

யாருக்கு அனுப்புவது என்ற கேள்விக்கும் பதில் நேராக இல்லை. அவன் சேரும்போது கொடுத்த விவரத்தில் நெருங்கிய உறவாக அப்பாவின் பெயர்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும். நிறையப் பேர் மாற்றுவதில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி பார்த்தால் தாய், மனைவி, பிள்ளைகள்தான் முதல் வகுப்பு வாரிசுகள். தகப்பனார் இரண்டாம் வகுப்பு. இதை எத்தனை தகப்பன்மாரிடம் நான் விளக்கியிருப்பேன், ஒருவர்கூட நம்பியதில்லை. கடைசியில் மனைவியும் தாயும் கையெழுத்திட்டு வாங்க வேண்டும், தகப்பனார் சாட்சி என்று ரசீது தயார் செய்தோம்.

இதுவரை நாங்கள் செய்ததில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. நாங்கள் சறுக்கியது நோட்டில்.

நாற்பது பக்க நோட்டு, நீல அட்டை. பட்டியலில் பதினேழாவது வரி. முதல் பக்கங்களில் கம்பெனிக்குள் பத்துப் பேர் போட்ட சீட்டுக் கணக்கு இருந்தது. மாதம் 500. அவன் மூன்றாவது மாதமே 5,000 ரூபாயை எடுத்துவிட்டிருந்தான். இன்னும் ஏழு தவணை, 3,500 ரூபாய் பாக்கி. இதை முகாம் கடன் என்று எழுதி அவனுடைய பணத்திலிருந்து கழிக்கலாமா? மெஸ் பாக்கி என்றால் கழிக்கலாம், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. பேரக்கில் நடக்கும் சீட்டுக்கு எந்த விதி? அதுவும் எங்கள் கண்ணில் படாமல் நடக்க வேண்டிய சீட்டு!

சீட்டு நடத்திய ஹவில்தாரைக் கூப்பிட்டோம். விறைப்பாக நின்றார். “எழுதாதீர்கள், சாஹிப். நாங்கள் ஒன்பது பேரும் பேசிவிட்டோம்” என்றார். ஆளுக்கு நானூறு போட்டுக் கணக்கை முடித்துவிட்டார்களாம். ஒன்பது நானூறு 3,600. நூறு ரூபாய் மிச்சம். அதையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்த நூறை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று நான் அரை மணி நேரம் யோசித்தேன். எழுத்தரின் புத்தி அப்படித்தான் போகும். பிறகு ரொக்கம் 372 என்பதை 472 என்று திருத்தினேன். என் சேவையில் நான் தெரிந்தே எழுதிய பொய்க்கணக்கு அது ஒன்றுதான்.

சீட்டு முடிந்துவிட்டது. நோட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அப்பா படிப்பார். மகன் 3,500 பாக்கி வைத்துப் போனான் என்று நினைத்து எங்கேயாவது கடன் வாங்கி அனுப்புவார். மானஸ்தர்கள் அப்படித்தான் செய்வார்கள். இதைச் சொன்னது நான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கிழிந்த பனியன், பழைய சாக்ஸோடு நோட்டையும் லங்கர் என்கிற சமையல்கூடத்துக்குப் பின்னால் எரித்துவிட்டோம். பதினேழாவது வரியை அடித்து, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். எரிப்பதற்கு முன் ஒருமுறை புரட்டினேன். பின் அட்டைப் பக்கமிருந்து நோட்டைத் தலைகீழாகப் பிடித்தும் ஏதோ எழுதியிருந்தான். சில பெயர்கள், சில எண்கள். சீட்டின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியை அடுக்கும்போது சீருடையையும் பதக்க ரிப்பனையும் மேலே வைத்தோம், மூடியைத் திறந்ததும் அது தெரியட்டும் என்று. அடுத்து முருகன் படம், சால்வைகள். துணிப்பை நடுவில், உடுப்புகளுக்கிடையே. லீவில் போகிற ஒரு பையன் பெட்டியைக் காட்பாடியில் இறக்கி வீட்டில் சேர்த்தான். ரசீது ஒழுங்காகத் திரும்பி வந்தது. மனைவியின் கையெழுத்து, தாயாரின் கைநாட்டு, தகப்பனாரின் சாட்சிக் கையெழுத்து. கோப்பை மூடினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். போகாமல் இருந்தால் தவறு என்று தோன்றியது. தகப்பனார் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். மகனைப் பற்றி அதிகம் பேசவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். எங்கள் பட்டியலின் நகல். கார்பன் எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. விரலை வைத்து, “பதினேழாவது என்ன, ஐயா?” என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார். “முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அடித்தல் இருந்தால் கேட்காமல் விடமாட்டேன். மற்றதெல்லாம் வரிசையாக இருக்கிறது. இது மட்டும் படிக்க முடியாதபடி அடித்திருக்கிறது. பக்கத்தில் உங்கள் கையெழுத்து.”

நோட்டு என்றேன். எரித்துவிட்டோம் என்றேன். எதற்காக என்பதையும் சொன்னேன். சீட்டு, ஒன்பது பேர், நானூறு, எல்லாவற்றையும்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: ஊரில் மூன்று பேருக்கு மகன் பணம் கொடுத்து வைத்திருந்தான். ஒவ்வொரு லீவிலும் அந்த நீல நோட்டைப் பிரித்துத்தான் வசூலிப்பான். எவ்வளவு என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. ஒருவர் தானாக வந்து கொடுத்துவிட்டார். மற்ற இருவர், நோட்டைக் காட்டினால் தருகிறோம் என்கிறார்கள்.

தலைகீழ்ப் பக்கங்கள்.

நாங்கள் கூடத்தை யோசித்தோம். மாமியார், மருமகள், பங்காளிகள், தெருவில் நிற்கிற பிள்ளைகள், எல்லோரையும் யோசித்துத்தான் அடுக்கினோம். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு தகப்பனை மட்டும் பணத்துக்குப் பதறுகிற ஏழைக் கிழவனாக நானே முடிவு செய்துகொண்டேன். அந்த நோட்டைப் படித்துப் புரிந்துகொள்ள என்னைவிடத் தகுதியான ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு உட்கார்ந்த ஒரு போர்டில் நான் எந்தக் காகிதத்தையும் எரிக்க விடவில்லை. பாதி சோப்பையும் எழுதினேன். கேப்டனுக்குப் பதில் வந்திருந்த மேஜர் சிரித்தார், சிரிக்கட்டும்.

“ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?” என்று அன்று திண்ணையில் தகப்பனார் கேட்டார். கண்ணை மூடி அந்தப் பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். ஒரு பெயர் தெளிவாக வந்தது, பக்கத்தில் எட்டாயிரம். இன்னொன்றில் முதல் எழுத்து மட்டும். தொகை நாலாயிரமா ஐயாயிரமா என்பது நிச்சயமில்லை. அதற்குள் உள்ளிருந்து அவருடைய மனைவி வந்து தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். தோளில் பழுப்புச் சால்வை. அது 1,400 ரூபாய்ச் சால்வையா மற்றதா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

பேத்தி கிறுக்கிவைத்திருந்த ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அவர் என்னிடம் நீட்டினார். ஞாபகமிருந்ததை எழுதினேன். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே எழுதினேன். வாங்கிப் படித்துப் பார்த்தார். “கீழே கையெழுத்துப் போடுங்கள், ஐயா. தேதியும் உங்கள் நம்பரும் வேண்டும்” என்றார். போட்டுக் கொடுத்தேன். மடித்து, பட்டியலோடு சேர்த்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.