அண்ணாச்சி, நீங்க எந்தப் பார்ட்டி?

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளைச் சந்திப்பு, சாயாக்கடை பெஞ்சு. யாரோ போனில் "பார்ட்டி வந்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்டால் நாலு தலை திரும்பும், நாலும் வேறு வேறு காரணத்துக்காக. நிலத் தரகருக்குப் பார்ட்டி என்றால் அட்வான்ஸோடு இடம் பார்க்க வருகிறவர். இளவட்டத்துக்கு அது ராத்திரி சமாச்சாரம். கேரளப் பக்கம் பாறசாலையிலிருந்து சாமான் வாங்க வந்தவருக்கு உலகத்தில் ஒரே பார்ட்டிதான், அதற்குக் கொடியும் ஒரே நிறம்தான். 1957-லேயே ஓட்டுப் பெட்டி வழியாகக் கம்யூனிஸ்ட் ஆட்சி கண்ட மண்ணாயிற்றே!

நாலாவது ஆள் பாடுதான் திண்டாட்டம். குழித்துறை கோர்ட்டில் அவர்மேல் பாகப்பிரிவினை வழக்கு. போய் விசாரித்து வந்த மச்சினர் சொல்கிறார்: "அத்தான், ஒங்கள எக்ஸ்பார்ட்டி ஆக்கியாச்சு."

"நான் எந்தப் பார்ட்டியிலயும் சேரவே இல்லியே மக்கா, பெறகு எப்பிடி நீக்குவான்?"

கோர்ட் பாஷையில் பார்ட்டி என்றால் வழக்கில் பெயர் உள்ளவர். போட்டவரும் பார்ட்டி, எதிராளியும் பார்ட்டி. அழைத்த தேதியில் வராவிட்டால் ஒரு தரப்பை மட்டும் கேட்டு வழக்கு நடக்கும். அதுதான் எக்ஸ்பார்ட்டி. போஸ்ட்மேனைக் கண்டதும் கொல்லைப்பக்கம் நழுவுகிறவர்கள் கவனிக்க: சம்மனை வாங்க மறுத்தாலும் வந்து சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் வழியுண்டு.

ஆனால் கதை அதோடு முடியாது. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால், அடுத்த வாய்தாவுக்குள் வக்கீல் மூலம் ஆஜராகி, வராததற்குத் தக்க காரணம் சொல்லி மனு போடலாம். தீர்ப்பே ஆகிவிட்டதா? அதை ரத்து செய்யக் கேட்க அந்த நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறையாக வந்தே சேரவில்லை என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு வேண்டும். "மறந்துட்டேன்" என்பதைக் காரணமாக எழுதினால் நீதிபதி சிரிப்பார், மன்னிப்பது சந்தேகம்.

வழக்குப் போடுகிறவருக்கும் பொறி உண்டு. பாகப்பிரிவினையில் பங்குள்ள எல்லாரும் பார்ட்டியாக இருக்க வேண்டும். அக்காவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தால் நாலு வருஷம் பேச்சு இருக்காது. வழக்கில் சேர்க்க மறந்தால் வழக்கே நிற்காது. நல்லவேளை, இடையில் மனுப் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பார்ட்டி காலமாகிவிட்டால் 90 நாளுக்குள் வாரிசுகளைக் கொண்டுவர வேண்டும்.

பத்திரத்தில் பார்ட்டி என்றால் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர். எல்லைக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். ரெண்டு பார்ட்டியும் களியக்காவிளைக்காரர், தமிழ் பேசுகிறவர். ஆனால் நிலம் பாறசாலையில் என்றால் பதிவும் அங்கேதான். அங்கே முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நம் பக்கத்தில் 7-ம் 2-ம். தனியாகப் பேசி வைக்காவிட்டால் முத்திரைச் செலவு வாங்குபவர் தலையில். தரகர் எந்தப் பத்திரத்திலும் பார்ட்டி கிடையாது. கமிஷன் மட்டும் ரெண்டு பக்கமும்.

கடைசியாக ஆட்டோ ஸ்டாண்டு. "தேர்டு பார்ட்டி இருக்கு, பயமில்ல" என்று மார்தட்டுகிறவர்கள் அதிகம். இன்சூரன்ஸில் முதல் பார்ட்டி வண்டிக்காரர், ரெண்டாவது கம்பெனி, மூன்றாவது அடிபட்ட வெளியாள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது அந்த மூன்றாவது ஆளுக்கான காப்பீட்டைத்தான். அதனால் ஆட்டோ போய் ஒரு மதிலில் மோதினால், மதில்காரர் நஷ்டஈடு கேட்கலாம். மதில் புதுசாக எழும்பும். ஆட்டோவின் மூக்கை நிமிர்த்துகிற செலவு ஓட்டியவர் பையிலிருந்து.