மாருதி 800 ஹீட்டர்: மூன்று வாரப் பாடு

நேற்று காலை ஆறரை மணிக்கு, வெளியே 6 டிகிரி இருக்கும்போது, என் 800-இன் ஹீட்டர் முதன்முறையாகச் சுடச்சுடக் காற்று விட்டது. முன்கண்ணாடியில் படிந்திருந்த ஆவி கீழிருந்து மெல்ல விலகி மேலே ஏறியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஊட்டியில் ஜனவரி மாதம் கண்ணாடியைத் துணியால் துடைத்தபடி ஓட்டியவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

வண்டி 2004 மாடல், போன அக்டோபரில் கோவையில் வாங்கியது. அங்கே ஹீட்டரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பியூஸ், ப்ளோயர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு எல்லாம் முதல் நாளே பார்த்தாயிற்று. உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைத் தொட்டால் ஒன்று வெதுவெதுப்பு, இன்னொன்று சில்லென்று. ஹீட்டர் காக், அதாவது இன்ஜினின் சூடான தண்ணீரை ஹீட்டருக்குள் விடும் வால்வு, மூடியபடியே இறுகிக் கிடந்தது. வருடக்கணக்கில் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி, உள்ளே துருவும் உப்பும்தான். இரவு முழுக்க வினிகரில் ஊறிய பிறகு அசைந்தது. கையோடு ஹீட்டர் கோரையும் (அந்தத் தண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசினேன். டிகாக்‌ஷன் நிறத்தில் கால் வாளி வந்தது. (குழாயை முழு வேகத்தில் திறக்க வேண்டாம், பழைய கோர் தாங்காது.)

இப்போது இரண்டு ஹோஸிலும் ஒரே சூடு. ஆனால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூடுதான். ஏர்லாக், அதாவது குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் போனது. மேட்டில் முகப்பு உயர நிறுத்தி, மூடியைத் திறந்து, ஐடிலில் விட்டு, குமிழி வரும்வரை காத்திருந்து, நான்கு தடவை செய்தேன். பலன் இல்லை.

துப்பு கிடைத்தது ரேடியேட்டரின் மேல் ஹோஸில். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டே நிமிடத்தில் அது இன்ஜினோடு சேர்ந்து சூடாகத் தொடங்கியது. தெர்மோஸ்டாட் என்பது சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. அது ஒழுங்காக இருந்தால் இன்ஜின் சூடேறும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். குன்னூர் இறக்கத்தில் டெம்பரேச்சர் முள் அடியில் போய்ப் படுத்துக்கொள்வதும் அப்போதுதான் உறைத்தது. ரேடியேட்டர் முன்னால் அட்டை ஒன்றைச் செருகி, முள்ளின் மேல் ஒரு கண் வைத்தபடி ஒரு சுற்று போய் வந்தேன். ஹீட்டர் காற்றில் சூடு வந்தது! சின்ன வயதில் மலையேறும் லாரிகளின் முகப்பில் சாக்கு தொங்கப் பார்த்திருக்கிறேன். அதன் காரணம் அன்றுதான் கைக்குப் புரிந்தது.

தெர்மோஸ்டாட் கூட்டின் போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப் போயிருந்தன. துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுத்துத்தான் கழற்றினேன். திறந்தால் உள்ளே காலி. வண்டி சூடாகிறது என்று எந்தப் பட்டறையிலோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். சமவெளியில் பல இடங்களில் இதுதான் வைத்தியம், எனக்கு இதில் உண்மையாகவே கோபம். அடைத்த ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்தால், இன்ஜின் காலமெல்லாம் அரைச்சூட்டில் ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும்.

புதியது கோவையில் உக்கடம் பக்கம் ஒரு கடையில் கிடைத்தது. 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் வகை. மாட்டும் முன் அடுப்பில் சோதித்தேன். வால்வின் இடுக்கில் நூலைக் கவ்வவைத்துப் பாத்திரத்துக்குள் தொங்கவிட்டால், திறக்கும் கணத்தில் நூலை விட்டுவிட்டு விழும். 83-இல் விழுந்தது. அருமை. ஆனால் 95-இல் முழுதாக 8 மில்லிமீட்டர் திறக்க வேண்டும் என்று போட்டிருந்தது, எனக்கு 6-ஐத் தாண்டவில்லை. மூன்று முறை கொதிக்க வைத்தும் அதேதான். கடைக்குத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் அம்மா குக்கரில் பருப்பு வைக்கும்போது விஷயம் விளங்கியது. நம் ஊர் 2,240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93-இலேயே கொதித்துவிடும், பிறகு 95-க்கு எங்கே போவது? தெர்மோஸ்டாட்டில் ஒரு குறையும் இல்லை. வண்டிக்குள் ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை வராது. மலையில் இருப்பவர்கள் திறக்கத் தொடங்கும் சூட்டை மட்டும் நம்புங்கள்.

மாட்டும்போது காற்று போகும் சின்னத் துளை மேலே வருமாறு வைத்தேன். புது கேஸ்கெட், புது கூலன்ட், மறுபடி மேட்டில் நிறுத்திக் காற்று வெளியேற்றம். முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நிற்கிறது. ஹீட்டர் காற்றில் வெப்பமானியைப் பிடித்தால் 54.

காக்கின் கேபிள் இன்னும் பாதிதான் நகர்கிறது, இப்போதைக்குக் கம்பியால் திறந்த நிலையில் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு கிளாம்ப்பில் சொட்டு விடுகிறது. அதற்குள் டேஷ்போர்டைப் பிரித்து ஹீட்டர் பெட்டியின் உதிர்ந்த ஸ்பாஞ்சை மாற்ற ஆசை வந்துவிட்டது. பிப்ரவரியில் உறைபனி குறைந்ததும் அதைத் தொடுவேன். கேபிளுக்கு அதே கடையில் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை பஸ்ஸில் போட்டு அனுப்புவதாகச் சொன்னார்.