18 க்குப் பின்னால் ஒரு வீதக் குறி

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்கு, 2021 இல் சிட்டை அடிக்கும் செயலி ஒன்றைப் பைதன் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தேன். அப்போது வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 8 வீதம். அந்த எண்ணை நிரலுக்குள்ளேயே, அதுவும் நான்கு இடங்களில் எழுதி வைத்திருந்தேன். 2022 ஜூனில் வரி 12 வீதமானபோது பெற்றோல் கிடைக்கவில்லை. கொக்குவிலிலிருந்து சைக்கிளில் போய் மாற்றினேன். செப்டெம்பரில் அது 15 ஆக, மறுபடியும் சைக்கிள். அந்த முறை, திரும்பி வரும் பொருட்களுக்கான சிட்டைப் பகுதியில் பழைய 12 அப்படியே கிடந்தது என் கண்ணில் படவில்லை. கடையின் கணக்காளர்தான் கண்டுபிடித்தார்.

அதன் பிறகே வரி வீதம், கடைப் பெயர், தொலைபேசி எண், அச்சுப்பொறியின் பெயர் ஆகியவற்றை, முதலாளியே திறந்து திருத்தக்கூடிய தனிக் கோப்பு ஒன்றுக்கு மாற்றினேன். அப்படியான கோப்பை எழுதப் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஜேசனில் குறிப்புரை எழுத வழியில்லை. யாமலில் எழுத்து வரியொன்றின் முன்னுள்ள இடைவெளி பிசகினால் பொருளே மாறிவிடும். டொமல் எனக்குப் பிடித்தமானது, ஆனால் அதை வாசிக்கும் கூறு பைதனின் 3.11 ஆம் பதிப்பிலிருந்துதான் அதனுடன் கூடவே வருகிறது. கடையிலிருந்த விண்டோஸ் 7 கணினியோ 3.8 இற்கு மேல் ஏற்காது. ஆகவே சதுர அடைப்புக்குள் தலைப்பும் அதன் கீழ் 'பெயர் = மதிப்பு' வரிகளுமாக எழுதும் பழைய ஐ.என்.ஐ. வடிவத்தையும், அதை வாசிக்கும் பைதன் கூறான கொன்ஃபிக்பார்சரையும் எடுத்துக்கொண்டேன்.

முதல் முட்டுக்கட்டை தமிழில் எழுதிய கடைப் பெயரால் வந்தது. என் லினக்ஸ் கணினியில் ஒழுங்காக ஓடிய செயலி, கடையில் கோப்பை வாசிக்கும்போதே நின்றுவிட்டது. குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை, எதுவென்று நாம் சொல்லாவிட்டால் அந்த விண்டோஸில் பைதன் 1252 என்ற மேற்கத்தேயக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். கோப்பு இருந்ததோ தமிழுக்கும் இடமுள்ள யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில். அதில் தமிழ்ப் புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. 1252 இலோ 141 இற்கு எழுத்தே இல்லை. புள்ளி வைத்த மெய் இல்லாமல் தமிழில் கடைப் பெயர் வைப்பது எப்படி! குறியாக்கத்தை வெளிப்படையாகக் கொடுத்ததும் அது தீர்ந்தது.

ஆனால் முதலாளி தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமித்த அன்றே செயலி மறுபடி நின்றது. முதல் வரியில் '[கடை]' என்று தலைப்பு பளிச்சென்று இருக்க, தலைப்பைக் காணவில்லை என்றது. விண்டோஸ் 7 இன் நோட்பாட் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடுகிறது. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும் 'யு.டி.எஃப்-8-சிக்' என்ற குறியாக்கப் பெயரை அன்றுதான் பயன்படுத்தத் தொடங்கினேன்.

2024 ஜனவரி 1 இல் வரி 18 வீதமானது. இம்முறை சைக்கிள் வேண்டியிருக்கவில்லை. முதலாளி தாமே திருத்திவிட்டு, பிழைச் செய்தியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். '%' குறிக்குப் பின்னால் இன்னொரு '%' அல்லது '(' வர வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் 18% என்று எழுதியிருந்தார். கொன்ஃபிக்பார்சருக்கோ அந்தக் குறி, வேறொரு மதிப்பை அந்த இடத்தில் பொருத்தச் சொல்லும் கட்டளை. ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். "தம்பி, அதைப் போடாட்டி பதினெட்டு ரூபாயோ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பொருத்தும் வசதியை அணைத்துவிட்டு, எண்ணின் பின்னால் குறி இருந்தால் நீக்கவும், மதிப்பு 0 இற்கும் 100 இற்கும் இடையில் இல்லாவிட்டால் கோப்பின் எந்த வரியில் பிழை என்று தமிழில் சொல்லவும் நிரலில் நான்கைந்து வரிகள் சேர்த்தேன்.

அதே வாரம் டிசெம்பரில் வாங்கிய பெயின்ற் வாளிகள் சில திரும்பி வர, அவற்றுக்கும் செயலி 18 வீதத்தைக் கணக்கிட்டது. வரிக்கு ஓர் எண் மட்டும் போதாது, அது எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்பதும் வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது '[வற்]' என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகள் இருக்கின்றன: 2019-12-01 = 8, 2022-06-01 = 12, 2022-09-01 = 15, 2024-01-01 = 18%. பொருளை விற்ற சிட்டையின் திகதியிலோ அதற்கு முன்போ தொடங்கியவற்றுள் கடைசி வரியைச் செயலி எடுத்துக்கொள்கிறது. முதல் மூன்றையும் எழுதியவன் நான். நான்காவது அவருடையது, குறியோடு அப்படியே விட்டிருக்கிறேன்.